பட்டியலில் இடம்பெறாதவர்கள்: சிங்கப்பூர் ஐ.என்.ஏ. நினைவிடத்தின் வரலாறு

1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் தலைமை தாங்கிய இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) போர் அப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது. இம்பாலிலிருந்து பின்வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ரங்கூன் மே மாதத் தொடக்கத்திலேயே பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. ஐரோப்பாவில் ஜெர்மனி சரணடைந்திருந்தது. பிரிட்டிஷ் படை அடுத்து வரப்போவது மலாயாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு படை, தான் விட்டுப் போகவேண்டிய ஊரில், மாண்டுபோன தன் வீரர்களுக்கு நினைவிடம் எழுப்புவது போர் வரலாற்றில் அரிது. பெரும்பாலும் வென்றவர்களே நினைவிடம் கட்டுகிறார்கள். தோற்றவர்கள் கட்டுவதென்றால் பல ஆண்டுகள் கழித்து, பகை ஆறிய பிறகுதான் கட்டுகிறார்கள்.

கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர் கர்னல் சிரில் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரி. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். பிரிட்டிஷார் வந்து இறங்குவதற்குள் வேலையை முடித்துவிட முடியுமா என்று போஸ் அவரிடம் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஸ்ட்ரேசி முடித்துக் காட்டினார். ‘பெயர் அறியப்படாத வீரருக்கு’ என்று அர்ப்பணிக்கப்பட்ட அந்தச் சின்னத்தில் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று இந்துஸ்தானிச் சொற்கள் பொறிக்கப்பட்டன. ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. மறுநாள் போஸ் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். 18-ஆம் தேதி தைப்பேயில் நடந்த விமான விபத்தில் இறந்தார். செப்டம்பர் 5-இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஐந்தாவது டிவிஷன் சிங்கப்பூரில் இறங்கியது. தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைவர் மவுண்ட்பேட்டனின் உத்தரவின்பேரில், கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த நினைவுச்சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஏன் இத்தனை அவசரம்? ஊரில் சோறு இல்லை, மருந்து இல்லை, சிறைமுகாம்களில் ஆயிரக்கணக்கானோர் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு கற்சின்னத்தை உடைப்பது ராணுவத்துக்கு உடனடி வேலையாகத் தெரிந்ததென்றால், அந்தச் சின்னத்தை யார் பார்த்துவிடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். வந்திறங்கிய படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். தங்களைப் போலவே சீருடை அணிந்து, தங்கள் எஜமானர்களையே எதிர்த்துச் செத்தவர்களுக்கு ஒரு நினைவிடம் இருப்பதை அவர்கள் நின்று பார்ப்பதைத் தலைமை விரும்பியிருக்காது என்றே நான் கருதுகிறேன். ஐந்தே மாதங்களில், 1946 பிப்ரவரியில், பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்ததை வைத்துப் பார்த்தால் அந்தக் கவலை வெறும் பிரமை அல்ல.

அந்தச் சின்னம் நின்ற இடத்தைச் சுற்றிப் பார்த்தால்தான் அதன் முழு அர்த்தமும் விளங்கும். எதிரே பாடாங் திடல். திடலுக்கு அப்பால் அன்றைய நகராண்மைக் கட்டடம். இன்று அது தேசியக் கலைக்கூடம். 1943 ஜூலை 5-இல் அதன் முன்னால்தான் போஸ் ஐ.என்.ஏ.வின் அணிவகுப்பைப் பார்வையிட்டு ‘சலோ தில்லி’ என்றார். 1945 செப்டம்பர் 12-இல் அதே கட்டடத்தில்தான் ஜப்பானியர் சரணடைந்த சடங்கும் நடந்தது.

சின்னம் நின்ற எஸ்பிளனேட் பூங்காவுக்குள் செனோடாஃப் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 124 பேருக்காகக் கட்டப்பட்டு, 1922 மார்ச் 31-இல் வேல்ஸ் இளவரசரால் திறக்கப்பட்ட கருங்கல் சின்னம் அது. அதற்கு ஏறிச் செல்லும் ஐந்து படிகளில் படிக்கு ஓர் ஆண்டாக 1914 முதல் 1918 வரை செதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான அர்ப்பணிப்பு பின்னர் அதன் மறுபக்கத்தில் சேர்க்கப்பட்டது. சற்றுத் தள்ளி லிம் போ செங் நினைவிடம். எண்கோண வடிவம், மூன்றடுக்கு வெண்கலக் கூரை, காவலுக்கு நான்கு வெண்கலச் சிங்கங்கள். சிங்கப்பூரில் தொழில் நடத்திய சீனர் அவர். ஜப்பானிய எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர். சிங்கப்பூர் விழுவதற்குச் சற்றுமுன் தப்பி, பிரிட்டிஷாரின் ஃபோர்ஸ் 136 என்ற ரகசியப் படையில் சேர்ந்தார். அதன் தொண்டர்கள் இந்தியாவில் பயிற்சி பெற்று, இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களில் மலாயாக் கரைக்கு வந்து இறங்கினார்கள். 1944 மார்ச் இறுதியில் லிம் போ செங் பிடிபட்டார். சித்திரவதையிலும் காட்டிக்கொடுக்க மறுத்து, அதே ஆண்டு ஜூன் 29-இல் பத்து காஜா சிறையில் 35 வயதில் இறந்தார். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1954 ஜூன் 29-இல் அவர் நினைவிடம் திறக்கப்பட்டது.

பின்வரும் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. மலாயாவில் வாழ்ந்த சீன இளைஞர்கள் இந்தியாவில் பயிற்சி பெற்று ஜப்பானை எதிர்க்க மலாயாவுக்கு வந்தார்கள். மலாயாவில் வாழ்ந்த இந்திய இளைஞர்கள் மலாயாவில் பயிற்சி பெற்று, ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்க்க இந்தியாவை நோக்கிப் போனார்கள். இரு தரப்பிலும் தாமாக முன்வந்தவர்கள் இருந்தார்கள். இரு தரப்பையும் நினைவுகூரும் இடங்கள் இன்று அந்தப் பூங்காவில் ஒரு நடை தூரத்தில் இருக்கின்றன. ஆனால் சமமாக அல்ல. செனோடாஃப், லிம் போ செங் நினைவிடம், டான் கிம் செங் நீரூற்று ஆகிய மூன்றும் 2010-இல் சேர்த்துத் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஐ.என்.ஏ. சின்னம் இருந்த இடத்தில் இருப்பது 1995-இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், வைக்கப்பட்ட ஓர் அடையாளக் கல்வெட்டு மட்டுமே. இங்கே ஒரு நினைவிடம் இருந்தது என்று சொல்கிற அளவில் அது நின்றுவிடுகிறது.

ஐ.என்.ஏ.வில் சேர்ந்த அந்தத் தொண்டர்கள் யார்? இந்தக் கேள்விக்கான பதிலில் தமிழர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு.

முதல் ஐ.என்.ஏ. போர்க்கைதிகளால் ஆனது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. 17-ஆம் தேதி ஃபாரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஒன்றுகூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் மனமொப்பிச் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. மறுத்தவர்களில் பலர் நியூகினி முதலிய பசிபிக் தீவுகளுக்குக் கட்டாயக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டு, பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். ஜப்பானியரோடு மோகன் சிங்குக்கு ஏற்பட்ட பிணக்கால் அந்த முதல் படை 1942 டிசம்பரில் கலைந்தது.

போஸ் வந்தபின் உருவான இரண்டாவது படையில் நிலைமை மாறியது. 1943 ஜூலை 9-இல் பாடாங்கில் கொட்டும் மழையில் அவர் பேசியபோது கேட்டது மூன்று லட்சம் வீரர்கள், மூன்று கோடி டாலர். அவர் இந்துஸ்தானியில் பேசப்பேசத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கேட்க வந்த கூட்டத்தின் மொழி அதுதான். மலாயாவில் அன்று வாழ்ந்த சுமார் ஏழு லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். பயிற்சி முகாம்களில் வந்து சேர்ந்த பல்லாயிரம் பொதுமக்களில் பெரும்பகுதி இவர்களே. துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள். பஞ்சாபிகளையும் பட்டாணியர்களையும் கூர்க்காக்களையும் ‘போர்க்குடிகள்’ என்று வகுத்துவைத்து, மதராஸ் படைப்பிரிவை 1920-களில் கலைத்தே விட்டிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் கணக்கில், தோட்டத்துத் தமிழன் சிப்பாயாகவே முடியாதவன்.

இவர்களை ‘தொண்டர்கள்’ என்று சொல்வது சரிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தின் நிலைமையைப் பார்த்தால் கேள்வியின் கனம் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிப்போய்விட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. எனவே கூலி இல்லை. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கே ஆகாரமாயிற்று. இதற்கு மேல் 1942-43-இல் சயாம் மரண ரயில்பாதை. 415 கிலோமீட்டர் நீளப் பாதைக்காக ஜப்பானியர் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். அதிலும் தமிழர்களே அதிகம். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இந்தச் சூழலில் ஐ.என்.ஏ. முகாமுக்குப் போன இளைஞனுக்குச் சோறு உண்டு, சீருடை உண்டு. ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற அச்சமும் குறையும். அவன் நாட்டுப்பற்றால் போனானா, வயிற்றுக்குப் போனானா என்று தராசில் நிறுத்துப் பார்க்கிற ஆய்வுகள் உண்டு. அந்தத் தராசே பொருந்தாது என்பது என் எண்ணம். பிழைக்கும் வழி என்று உள்ளே போனவன், அங்கே முதல்முறையாக மனிதனாக மதிக்கப்பட்டு, அந்த மதிப்புக்காகச் சாகத் துணிந்திருக்கலாம். தோட்டத்தில் துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்றவன், முகாமில் பஞ்சாபி முஸ்லிமோடும் மலையாளக் கிறிஸ்தவரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாதிக்கொரு சமையல், மதத்துக்கொரு சமையல் என்ற பிரிட்டிஷ் இந்திய ராணுவ வழக்கம் அங்கே இல்லை.

போஸ் இதில் எவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதற்குச் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயில் நிகழ்ச்சி ஒரு சான்று. இயக்கத்துக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்த கோயிலார் அவரை நவராத்திரி விழாவுக்கு அழைத்தார்கள். எல்லாச் சாதியினரையும் எல்லா மதத்தினரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்றார் போஸ். கோயிலார் இசைந்தார்கள். அபித் ஹசன், கியானி ஆகிய முஸ்லிம் அதிகாரிகளோடு அவர் கோயிலுக்குள் போனார். தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

தாமாக முன்வந்தவர்கள் என்பதில் எந்த ஐயத்துக்கும் இடமில்லாத பிரிவு ஒன்று உண்டென்றால் அது ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை. 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்துச் சிங்கப்பூரில் தொழில் செய்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி, கூட்டத்தில் போஸின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதில் கிடந்த வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு வீட்டாரின் எதிர்ப்பை மீறிப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய மேலவையில் இடம்பெற்றவர் அவர்தான். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா, அக்காள் பொன்னம்மாளோடு சேர்ந்தபோது அவருக்கு வயது 16. ஆனால் படையில் சேர்ந்த சுமார் ஆயிரம் பெண்களில் மிகுதி இத்தகைய வீட்டுப் பெண்கள் அல்லர். தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்களே அதிகம். படித்த பெண்கள் நினைவுக்குறிப்பு எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண்களின் கதை அப்படி எழுத்தில் ஏறவில்லை. பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது ரயில்மீது கெரில்லாக்கள் நடத்திய தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற அப்படைப் பெண்கள் இருவர் இறந்தார்கள். ஐ.என்.ஏ.வில் உயிர்நீத்த பெண்களில் நமக்குப் பெயர் தெரிவது இந்த இருவரைப் போன்ற மிகச் சிலருடையது மட்டுமே.

போர்க்களத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுவது நல்லது. 1944-இல் இம்பால் முனைக்குப் போனவர்கள் சுமார் 6,000 பேர். ஐ.என்.ஏ.வைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி ஹியூ டோயின் கணக்கின்படி, சண்டையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 400. நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500. திரும்பி வந்த 2,600 பேரில் 2,000 பேரை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மற்றவர்களில் சரணடைந்தவர்களும் உண்டு, படையை விட்டு ஓடியவர்களும் உண்டு. குண்டுக்குப் பலியானவர்களைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கினர் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பசியிலும், மழை கொட்டும் காட்டுப் பாதையோரங்களில் விழுந்து செத்தார்கள். ஜப்பானியர் தங்கள் வீரர்களுக்கே உணவு அனுப்ப முடியாமல் திண்டாடிய படையெடுப்பு அது. கூட வந்த இந்தியர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில் குர்பக்ஷ் சிங் தில்லானின் நேரு படைப்பிரிவு நிறுத்தப்பட்டது. மலாயாத் தமிழ்த் தொண்டர்கள் கணிசமாக இருந்த பிரிவு அது. ஆற்றைக் கடக்கப் பீரங்கியும் விமானமும் சூழ வந்த பிரிட்டிஷ் இந்திய டிவிஷனை எதிர்க்க அவர்களிடம் இருந்தவை துப்பாக்கிகளும் சில இயந்திரத் துப்பாக்கிகளும்தான். முதல் அலையைச் சுட்டுத் தடுத்தார்கள். பிறகு குண்டுமழைக்கு நிற்க முடியாமல் சிதறினார்கள். நூற்றுக்கணக்கானோர் வெள்ளைக்கொடி காட்டினார்கள். இதை மறைத்து எழுதுகிறவர்கள் அந்த மனிதர்களுக்கு நன்மை செய்வதாக நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில மாதப் பயிற்சியோடு, கனரக ஆயுதமில்லாமல், உலகின் பெரிய படைகளில் ஒன்றின் எதிரே ஆற்றங்கரைக் குழியில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையை முழுதாகச் சொன்னால்தான், அவர்கள் அங்கே போனதே எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐ.என்.ஏ. தோழமை கொண்ட அதே ஜப்பானிய ராணுவம் 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிங்கப்பூர்ச் சீன ஆண்களைத் தரம்பிரித்து, கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. பல மடங்கு அதிகம் என்கிறார்கள் சீனச் சமூகத்தினர். எஸ்பிளனேட் பூங்காவிலிருந்து நடந்து போகும் தொலைவில், போர் நினைவுப் பூங்காவில், நான்கு வெண்தூண்கள் 65 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கின்றன. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இறந்த பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15-இல் லீ குவான் யூ திறந்துவைத்த சின்னம். தூண்கள் நான்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் ஆகிய நான்கு சமூகங்களைக் குறிக்கும். அடியில் சிக்லாப் முதலிய இடங்களில் தோண்டி எடுத்த எலும்புகள் தாழிகளில் வைக்கப்பட்டுள்ளன. தகப்பனை அந்தக் கடற்கரையில் இழந்த சீனக் குடும்பத்துக்கு, ஜப்பானியக் கொடியின் நிழலில் அணிவகுத்த இந்தியர்களைப் பற்றி மனக்கசப்பு இருந்திருந்தால் அதைக் குறைசொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஐ.என்.ஏ.வுக்கு 1995-இல் ஓர் அடையாளக்கல் வைக்க இடம் கிடைத்ததைப் பெருந்தன்மை என்றே மதிக்கிறேன். அந்தக் கல்லுக்கான செலவுக்குச் சிங்கப்பூர் இந்தியர்கள் நன்கொடை கொடுத்தார்கள். அமைத்தது அந்நாட்டு தேசிய மரபுடைமைக் கழகம்.

இந்தியாவோ ஐ.என்.ஏ.வை நெடுநாள் இரண்டு மனத்தோடு நடத்தியது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தபோது நாடே கொதித்தது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கி அணிந்து நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். தண்டனை விதிக்கப்பட்டும் நிறைவேற்ற முடியாமல் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். அதே நேரு 1946 மார்ச்சில் சிங்கப்பூர் போனபோது, தகர்க்கப்பட்ட நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க ஏற்பாடாகியிருந்தது. மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொண்டதன்பேரில், பொது நிகழ்ச்சியாக அதைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். சுதந்திரம் வந்தபிறகும் ஐ.என்.ஏ. வீரர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களையும் விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்று மத்திய அரசு ஓய்வூதியம் அறிவித்தது 1972-இல்தான். குடியரசு நாள் அணிவகுப்பில் முதல்முறையாக ஐ.என்.ஏ. வீரர்கள் கலந்துகொண்டது 2019-இல். அப்போது வந்த நால்வரும் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பது இதைவிட முக்கியமானது. அவர்கள் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. 1946-47-இல் கெடாவின் பெடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இயக்கம் கிளம்பியது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி அதன் தலைவர். சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல், கூலி உயர்வுக் கோரிக்கை என்று அது நடந்துகொண்ட முறையில் ஐ.என்.ஏ. பயிற்சியின் சுவடு தெளிவாகத் தெரிகிறது. துரைமார்களும் போலீசும் சேர்ந்து 1947-இல் அதை ஒடுக்கினார்கள். ஐ.என்.ஏ.வில் இருந்து, பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்து சிறுவயதில் போனவர் அவர். எஸ்பிளனேட் கல்வெட்டு 1945-ஓடு நின்றுவிடுகிறது. அந்தத் தொண்டர்களின் போராட்டமோ அதன் பிறகும் தோட்டங்களில் தொடர்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் தகர்த்த சின்னத்தின் மாதிரி மணிப்பூரில் லோக்தாக் ஏரிக்கரை ஊரான மொய்ராங்கில் நிற்கிறது. 1944 ஏப்ரல் 14-இல் ஐ.என்.ஏ.வின் கர்னல் ஷௌகத் மாலிக் அங்கே மூவர்ணக் கொடி ஏற்றினார். 1969-இல் இந்திரா காந்தி திறந்துவைத்த நினைவு வளாகத்தில் அருங்காட்சியகமும் நூலகமும் போஸின் சிலையும் உள்ளன. டெல்லியில் இந்தியா கேட் அருகே 28 அடி உயரக் கருங்கல் போஸ் 2022 செப்டம்பரில் நிறுவப்பட்டார். இவற்றில் ஒன்றையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒன்றைக் காண்கிறேன்: தலைவர் வளர்ந்துகொண்டே போகிறார், அவர் பின்னால் அணிவகுத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். 1945-இல் போஸ் அடிக்கல் நாட்டியது தனக்கான சின்னத்துக்கு அல்ல, பெயர் தெரியாத வீரனுக்கு. அந்த முன்னுரிமையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

போரின் நெருக்கடியில் ‘பெயர் அறியப்படாத வீரர்’ என்று எழுதுவது நியாயம். எண்பது ஆண்டுக்குப் பிறகும் அப்படியே விட்டுவைப்பது நியாயமில்லை. சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், கல்லறை இன்னதென்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டு வீரர்களின் பெயர்களைச் சுவர்களில் காணலாம். பிரிட்டிஷ் தரப்பில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே படைப்பிரிவு வாரியாக உள்ளன. அவர்களில் ஒருவரின் கொள்ளுப்பேரன் போய் விரல் வைத்துத் தேடலாம். ஐராவதிக் கரையில் இறந்த பால்வெட்டுத் தொழிலாளியின் கொள்ளுப்பேரனுக்குத் தேட ஒரு சுவர் இல்லை.

காரணம் ஆவணங்களின் தன்மையிலேயே இருக்கிறது. முன்னாள் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களாக இருந்தவர்களைப் போருக்குப் பின் விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைபிரித்துக் கோப்பு எழுதினார்கள். தண்டிப்பதற்காக எழுதியதென்றாலும் அதில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. தோட்டத்துத் தொண்டன் எந்த ராணுவ உறுதிமொழியையும் மீறியவன் அல்லன். ஆகவே அவனைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். தண்டனை தப்பியது நல்லதுதான். ஆனால் பதிவும் தப்பிவிட்டது. தமிழ் இலக்கியம் ஓரளவு ஈடுசெய்தது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இல்லாவிட்டால் அந்த ராணுவத்தில் இருந்த தமிழ் இளைஞனின் மனத்தை நாம் அறிய வழியே இருந்திருக்காது. ஆனாலும் நாவல் பட்டியலாக முடியாது.

பட்டியல் தொகுக்க இன்னும் வழி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் ஒப்படைத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பலரிடம் எடுத்த பேட்டிகளைப் பாதுகாக்கிறது. இவற்றைவிட நமக்கு அருகில் இருப்பவை தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் தியாகி ஓய்வூதியக் கோப்புகள். உடன் சிறையிருந்த ஒருவரின் சான்று இல்லாமல் மத்திய அரசின் ஓய்வூதியம் எளிதில் கிடைக்காது என்பதால், விண்ணப்பித்தவர் தன்னோடு முகாமில் இருந்தவர் யார், எந்தப் பிரிவு, எங்கே பிடிபட்டோம் என்றெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் கோப்பில் மற்றவர் பெயர் கிடைக்கும். திரும்பி வராதவர் பெயரும் கிடைக்கக்கூடும். மலாயாவுக்கு மிகுதியாக ஆள் போனவை அன்றைய திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, ராமநாதபுரம் மாவட்டங்கள். இந்த ஐந்தின் கோப்புகளையும் நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் பகிர்ந்துகொண்டு படித்து, பெயர், சொந்த ஊர், வேலைசெய்த தோட்டம், சேர்ந்த பிரிவு, இறந்த இடம் என்று வரிசைப்படுத்தத் தொடங்கலாம். தகப்பன் ஐ.என்.ஏ.வில் இருந்தார் என்று சொல்லி, அவர் வைத்துவிட்டுப் போன தாள்களை எடுத்துக் காட்டக்கூடிய பிள்ளைகளே இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள்.